மாலைப் பள்ளிக்கு நூற்றுக்கு நூறு

வாயால் சொல்லச் சொல்லாமல் எழுதித் தரச் சொன்னீர்களே, அதற்கு முதலில் நன்றி, மேடம். எனக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து பேச வராது. பேச ஆரம்பித்தால் எழுந்து நடப்பேன், ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன், மேசையில் கலைந்து கிடக்கிற தாள்களை அடுக்குவேன், சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். "நீ பக்கத்துல உட்கார்ந்தா நிக்கிற வண்டிகூட ஓடுற மாதிரி இருக்குது" என்பார். எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை. கைக்கு ஒரு வேலை இருந்தால் கால் கொஞ்சம் அடங்கும். வாசலில் நிற்கிற காவலர் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள், பாவம். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

அந்தப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. பிள்ளைகள் என்னை ஆபீஸ் அக்கா என்பார்கள். தலை நரைத்து, முட்டி தேய்ந்த பிறகும் அக்காதான். அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சேர்க்கை, நீக்கம், சான்றிதழ், பேட்ச் கணக்கு எல்லாம் என் தலையில்தான்.

பேட்ச் கணக்கை மட்டும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முன்பெல்லாம் கடைசித் தேர்வு எழுத வந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்றுதான் பார்ப்பார்கள். நடுவில் நின்றுபோன பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளியாக இருந்தது. பிறகு மேலிடத்தில் முறையை மாற்றினார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரே வருஷம் சேர்கிறவர்கள் எல்லாரும் ஒரு பேட்ச். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பின்தொடர வேண்டும். நாலு வருஷம் கழித்து அந்த பேட்சில் எத்தனை பேர் பன்னிரண்டாவது முடித்து வெளியே போனார்கள் என்று சொல்ல வேண்டும். நியாயமான முறை. நானே அப்போது பாராட்டினேன்.

நின்றுபோன பிள்ளை பேட்சை விட்டுப் போகாது. தோற்றவர்கள் பக்கத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்க மூன்றே வழி. வேறொரு பள்ளி 'எங்களிடம் சேர்ந்துவிட்டது' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பிள்ளை நாட்டை விட்டே போயிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் செத்திருக்க வேண்டும். இந்த மூன்றிலும் சேராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கு ஆள் போக வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளியில் அந்த ஆள் சைக்கிள் சார். வெயிலோ மழையோ, அந்த ஓட்டைச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, அப்பனிடம் திட்டு வாங்கி, பத்துப் போனால் ஒன்றையாவது கையோடு கூட்டிக்கொண்டு வருவார். தங்கமான மனிதர். அவரைப் பற்றி இந்த வாக்குமூலத்தில் தப்பாக ஒன்றும் இல்லை.

மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளாவது முடிக்காவிட்டால் பள்ளியை மூடிவிடுவோம் என்று கடிதம் வந்தது. எங்கள் பகுதிப் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒன்பதாவதில் மீசை அரும்பினால் வெல்டிங் பட்டறைக்காரன் கண் வைத்துவிடுவான். அந்த வருஷக் கணக்கு ஒரே ஒரு பிள்ளையால் கீழே இறங்கி நின்றது. பட்டறைக்குப் போன ஒரு பையன். தலைமையாசிரியர் என் மேசைக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஒரே ஒரு பிள்ளைம்மா. அவன் ஒருத்தனுக்காக மத்த பிள்ளைங்க எல்லாம் நடுத்தெருவுக்கு வரணுமா?" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இன்று வரை சொன்னதில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருக்கலாம். அவரை விட்டுவிடுங்கள்.

மாலைப் பள்ளி என்று ஒன்று இருந்தது. பகலில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக எங்கள் வளாகத்துப் பின்கட்டில் ஓர் அறையில் நடந்தது. அதை நடத்திய ஆசிரியர் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போய்விட்டார். வேறு ஆள் போடவில்லை. பள்ளி நின்றுபோனது, ஆனால் நின்றுபோனது என்று யாரும் மேலே எழுதவில்லை. அதன் எண் கணினியில் உயிரோடு இருந்தது. அதன் பதிவுகளையும் ஆரம்பத்திலிருந்து நான்தான் போட்டுவந்தேன், கடவுச்சொல்லும் என்னிடம்தான். ஆக, பட்டறைப் பையனை வலது கையால் அனுப்பி இடது கையால் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. பள்ளி பிழைத்தது. அன்று எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தார் தலைமையாசிரியர்.

அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் பேர். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். நான் ஒழுங்காகத்தான் செய்தேன், மேடம். மாலைப் பள்ளி வேலையை என் நாற்காலியில் உட்கார்ந்து செய்ய மாட்டேன். ஜன்னலோரம் இன்னொரு நாற்காலி உண்டு, அதில் போய் உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் நான் மாலைப் பள்ளிக்காரி. ஒரு தடவை பிறந்த தேதி சரியில்லை என்று ஒரு விண்ணப்பத்தை எனக்கே திருப்பி அனுப்பினேன். இந்த நாற்காலிக்கு வந்து திருத்தி, மறுபடி அந்த நாற்காலிக்குப் போய் ஏற்றுக்கொண்டேன். சிரிப்பு வருகிறதா? எனக்கும் அப்போது வந்தது.

ஆனால் போன பிள்ளைகள் அங்கேயும் ஒரு பேட்சாகத்தானே இருப்பார்கள். அங்கே யாரும் முடிக்காவிட்டால் மேலிடத்துக் கண்ணில் பட்டுவிடும். அதனால் வருகை போட்டேன். பிறகு மதிப்பெண் போட்டேன்; மாலைப் பள்ளிக்குக் கடைசித் தேர்வையும் பள்ளியே நடத்தி மதிப்பெண் அனுப்பும். எல்லாருக்கும் ஒரே மாதிரி போடுகிற சோம்பேறி இல்லை நான். ஒவ்வொரு பிள்ளையையும் எனக்குத் தெரியும். பட்டறைப் பையனுக்குக் கணக்கு வராது, அவனை முதலில் தட்டுத்தடுமாற வைத்து மெல்ல மெல்ல ஏற்றினேன். கடைசியில் அவன் தேறியபோது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கிடையில் அவன் பட்டறையில் ஒரு கண்ணை இழந்திருந்தான் என்று பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். தேடிப் போயிருந்தால் சைக்கிள் சார் அவனைக் கூட்டிவந்திருப்பாரோ என்னவோ. மாற்றலாகிப் போன பிள்ளையைத் தேடி யார் போவார்கள்?

பின்கட்டில் விளக்கு எரியவில்லையே என்று ஒருவரும் கேட்டதில்லை. நாலு மணி அடித்தால் ஆசிரியர்கள் எல்லாரும் அவரவர் வழியைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மாலைப் பள்ளி தாங்கள் போன பிறகு ஆறு மணிக்குத் தொடங்குகிறது என்று எல்லாரும் நம்பினார்கள்.

இப்போது ரேடியோவைப் பற்றி எழுத வேண்டும். கொஞ்சம் எழுந்து நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ரேடியோ என்பது அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். வாய் ஓயாது. தாமதமாக வந்ததற்கு என்னிடம் சீட்டு வாங்க வருவாள், வாங்கிக்கொண்டு போகிறவரைக்கும் பேருந்தில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், அறிவியல் டீச்சர் செருப்பு எப்படி அறுந்தது என்று ஒரு செய்தி அறிக்கையே வாசித்துவிடுவாள். பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வெளியூரில் ஒரு விடுதியில் சமையல்காரி. மகளைத் தன் தங்கை வீட்டில் விட்டிருந்தாள். ஒரு மாதமாக ரேடியோ வரவில்லை. சைக்கிள் சாரின் பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முதல் நாள் நான் அவளை மாலைப் பள்ளிக்கு மாற்றினேன். அடுத்த வருஷம் காட்ட வேண்டிய அவள் பேட்ச் கணக்கு அப்போதே கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாலைப் பள்ளிக்குப் பரிசு அறிவித்தார்கள். படிப்பு வராத பிள்ளைகளையே வாங்கிக்கொண்டு நூற்றுக்கு நூறு பேரை முடிக்கவைக்கிற ஒரே பள்ளி. கல்வி அதிகாரி நேரில் வந்து பாராட்ட ஆசைப்படுகிறார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். இந்த வாரம் வருகிறார், அடுத்த வாரம் வருகிறார் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்கட்டைத் திறந்து பார்ப்பேன், உடைந்த பெஞ்சுகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும், மறுபடி பூட்டுவேன். அதிகாரி வருகிற அன்று ஒன்பதாவது பிள்ளைகளில் சிலரைச் சாயங்காலம் நிறுத்திவைத்து உட்காரவைக்கலாமா என்று யோசித்தேன். வீட்டில் சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போய்விடுவேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்கே? என்னதான் ஆச்சு உனக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். முட்டி வலி, உட்கார முடியவில்லை என்றேன். மறுநாள் தைலம் வாங்கிக்கொண்டு வந்து அவரே தேய்த்துவிட்டார். அப்போது அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் ரேடியோ போன் செய்தாள். பள்ளிக்கு வராத நாளில் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று ஒன்பதாவதிலேயே எங்கள் எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்துவிடுவோம்.

"ஆபீஸ் அக்கா, நான்தான். ரேடியோ."

"எங்கடி இருக்கே? என்ன இப்படிக் குசுகுசுன்னு பேசறே?"

"சித்தி வீட்டுலதான் அக்கா. இங்க வீட்டுலயே மெழுகுவத்தி ஊத்தறாங்க. நாள் பூரா நான்தான் ஊத்தறேன். அவங்க ரெண்டு பேரும் கடைகளுக்குச் சரக்குப் போடப் போறப்ப வெளியில பூட்டிட்டுப் போயிடறாங்க. சித்தப்பா பழைய போனை மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு, அதை ஒளிச்சு வச்சு அதுலதான் பேசறேன். சைக்கிள் சார்கிட்ட சொல்லுங்க அக்கா. அவர் வந்து சத்தம் போட்டா விட்டுடுவாங்க. போலீசெல்லாம் வேணாம், அம்மாவுக்குச் சங்கடம்."

"சரிடி, சொல்றேன். போனை வை" என்றேன்.

நான் யோசித்துப் பார்த்தேன். சைக்கிள் சார் போனால் இவள் வெளியே வருவாள். வந்தால், மாலைப் பள்ளியில் படிக்கிற பிள்ளை ஏன் வீட்டில் பூட்டிக் கிடந்தது என்ற கேள்வி வரும். ஒரு நூலை இழுத்தால் சட்டை முழுவதும் பிரிந்துவிடும். அதிகாரி வந்து போகட்டும், ஒரு வாரம், பிறகு நானே சைக்கிள் சாரை அனுப்புகிறேன் என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் என்பது பெரிய காலம் இல்லையே, மேடம். மெழுகு ஊற்றுவதும் ஒரு கைத்தொழில்தானே என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது தடவை போன் செய்தபோது, "சொல்லிட்டீங்களா அக்கா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், அவருக்குக் காய்ச்சல், எழுந்ததும் வருவார் என்றேன். "ஐயோ பாவம், அவரை மெதுவாவே வரச் சொல்லுங்க" என்றாள். மூன்றாவது தடவை மெழுகுச் சட்டியில் தீப் பிடித்துத் திரைச்சீலை கருகிவிட்டது, தானே அணைத்துவிட்டேன் என்றாள். "பயமா இருக்குது அக்கா. ஜன்னல்ல கம்பி இருக்குது" என்றாள். ஈரச் சாக்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது நல்ல யோசனைதான், நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை சைக்கிள் சார் என் மேசைக்கு வந்து நின்றார். அவருக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அக்கா, நம்ம ரேடியோவோட சித்தி தெரு வழியா வந்தேன். வெளியில பூட்டு தொங்குது, ஆனா ஜன்னல்ல யாரோ கையை ஆட்டின மாதிரி இருந்துச்சு. திரும்பிப் போய்ப் பார்க்கலாமான்னு நினைச்சேன். அவ இப்ப மாலைப் பள்ளிதானே?"

நான் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இங்க பாருங்க சார். ஒரு நாள் விடாம வந்திருக்கா."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, குனிந்து, ஒவ்வொரு நாளாகப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா. நான்தான் எதையோ பார்த்துட்டு எதையோ நினைச்சுட்டேன். வயசாயிடுச்சு" என்று சிரித்துவிட்டுப் போனார். சைக்கிள் சங்கிலியின் கடகடச் சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. கூப்பிட வாய் எடுத்தேன். எடுத்தது நிஜம்.

அதிகாரி இன்னும் வந்தபாடில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து மாலைப் பள்ளியின் அந்த வாரத்து வருகை முழுவதையும் போட்டு முடித்தேன். தினம் தினம் நாற்காலி மாறுவது கஷ்டம். அதனால் திங்கட்கிழமையே வெள்ளி வரைக்கும் போட்டுவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை அந்த வீடு எரிந்தது. பகலில், அவர்கள் சரக்குப் போடப் போயிருந்தபோது. பூட்டை உடைத்து உள்ளே போனவர்கள் ஓர் உடலை எடுத்தார்கள். அடையாளம் சொல்லும்படி இல்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சித்திக்காரி பயந்துபோய், அக்கா மகள் பள்ளிக்குப் போகிறவள், உள்ளே இருந்தது யாரோ வேலைக்கு வந்த பெண், பெயர் தெரியாது என்று சொல்லிவிட்டாள். உங்கள் ஆட்கள் வியாழக்கிழமை சரிபார்க்கப் பள்ளிக்குப் போன் செய்தார்கள். நான்தான் எடுத்தேன். திரையில் இருந்ததைச் சொன்னேன். செவ்வாய் வந்திருக்கிறாள், புதன் வந்திருக்கிறாள் என்றேன். அவர்கள் நன்றி சொல்லி வைத்தார்கள். ஆக, அந்த உடலுக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லாமல் போனது. எனக்கே அன்று சாயங்காலம் ஒரு நிம்மதி வந்தது என்றால் பாருங்கள். வந்திருக்கிறாளே, அப்படியானால் எரிந்தது வேறு யாரோதான் என்று ஒரு கணம் நானும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை அவள் அம்மா வந்தாள். விடுதிச் சமையலறையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருக்கிறாள், இடுப்பில் செருகிய கைத்துணியைக்கூட எடுக்கவில்லை. இரண்டு பேருந்து மாறி வந்த களைப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எரிஞ்சது என் பொண்ணா இருக்கும்னு தெருவுல எல்லாரும் சொல்றாங்கம்மா. என் தங்கச்சி இல்லைங்கறா. அவ ஸ்கூலுக்கு வந்தாளாமே, நிஜமா? நீங்க பார்த்துச் சொல்லுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். திரையைத் திருப்பினேன். விரலை வைத்துக் காட்டினேன். "இது செவ்வாய். இது புதன். இது வியாழன். மூணு நாளும் வந்திருக்காம்மா."

அவள் கைத்துணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எத்தனை மணிக்கு வருவா?" என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்று சொன்னேன். "அப்ப உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பின்கட்டு அறைக்கு எதிரே நடைபாதையில் போய் உட்கார்ந்தாள்.

நாலு மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள், ஆசிரியர்கள் போனார்கள். நான் போகவில்லை. அலுவலகத்துக்கும் நடைக்குமாக எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. ஒரு தரம் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தரம் அவளே என்னைக் கூப்பிட்டு, இங்கே மகள் நன்றாகப் படிக்கிறாளா என்று கேட்டாள். முதல் வகுப்பில் தேறுகிற பிள்ளை என்றேன். அதுவும் பதிவில் இருக்கிறது, பொய்யில்லை. ஆறு மணி ஆனதும் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவுக்கு நேரே நின்றாள்.

மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பி வந்த சைக்கிள் சார் அவளைப் பார்த்தார். யாரம்மா நீ என்று கேட்டார். சொன்னாள். அவர் பின்கட்டுக் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கதவின் பழைய பூட்டு அவர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் கையோடு வந்துவிட்டது. உள்ளே உடைந்த பெஞ்சுகள்தான் கிடந்தன. அந்த அம்மா ஒவ்வொரு பெஞ்சுக்கும் பின்னால் குனிந்து பார்த்தாள். மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். சைக்கிள் சார் என் பக்கம் திரும்பி, "உங்களைக் கேட்டேனே அக்கா" என்றார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் கேட்டது இதுதான் என்றால் எழுதிவிடுகிறேன். பூட்டு இருந்தது எனக்குத் தெரியும். தெரு தெரியும், வீடு தெரியும். மூன்று தடவை அவள் என்னிடம் சொன்னாள், நான் யாரிடமும் சொல்லவில்லை. தேடிப் போகவிருந்த ஒரே மனிதரையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதில் கையெழுத்துப் போடத் தயார்.

ஒரே ஒரு விஷயத்தில் என் வேலையில் பிழை நேர்ந்துவிட்டது, அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. முழு வாரத்தின் வருகையையும் திங்கட்கிழமையே போட்டிருக்கக் கூடாது. என் கடவுச்சொல்லை முடக்கிவிட்டார்கள், அதனால் நீங்கள்தான் செய்ய வேண்டும். செவ்வாயிலிருந்து வெள்ளி வரைக்கும் அந்தப் பெண்ணுக்கு 'வரவில்லை' என்று மாற்றிவிடுங்கள். மற்ற நாளெல்லாம் அவள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தாள்.